எக்ஸ்ஏ21 மரபணு

எக்ஸ்ஏ21 என்பது நெற்பயிரைப் பாக்டீரியா இலைக்கருகல் நோயிலிருந்து காக்கும் எதிர்ப்பு மரபணுக்களுள் ஒன்றாகும். இந்நோயைச் சாந்தோமோனாசு ஒரைசே என்னும் பாக்டீரியா உண்டாக்குகின்றது. இது இலை விளிம்பின் நீர்த்துளைகள், காயங்கள் ஆகியவற்றின் வழியே நுழைந்து, நீர் கடத்தும் சைலக் குழாய்களில் பெருகும். தாவரங்களுக்கு உடலெங்கும் சுற்றிவரும் வெள்ளணுக்கள் இல்லை. எனவே தாக்கவரும் நுண்ணுயிரியை ஒவ்வொரு கலமும் தானே இனங்காண வேண்டியுள்ளது.

கண்டுபிடிப்பு

இம்மரபணு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலிருந்து பெறப்பட்ட ஒரைசா லாங்கிசுடாமினேட்டா என்னும் காட்டு நெல்லுக்குரியது. பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் குர்தேவ் சிங் குஷ் குழுவினர் கலப்பு மூலம் இதனைப் பயிர் நெல்லுக்குக் கொணர்ந்தனர். 1995 இல் அமெரிக்காவில் பமீலா ரொனால்டு குழுவினர் இதனைத் தனியே பிரித்தெடுத்தனர்.

செயல்படும் முறை

இம்மரபணு உருவாக்கும் புரதம் கலமென்சவ்வில் பதிந்துள்ள ஓர் ஏற்பியாகும். லியூசின் மிகுந்த இதன் வெளிப்பகுதி பாக்டீரியாவின் மூலக்கூறை உணர்கின்றது. கைனேசு நொதியாகிய உட்பகுதி பிற புரதங்களுடன் பாசுபேட்டைச் சேர்த்துச் செய்தியைக் கலத்தினுள் கடத்துகின்றது. இதனால் பாதுகாப்பு மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. எதிர்ப்புத்திறன் நாற்றுப் பருவத்தில் குறைவாகவும் முதிர்ந்த பயிரில் மிகுதியாகவும் காணப்படும்.

உணரப்படும் மூலக்கூறு ஏஎக்ஸ்21 என 2009 இல் அறிவிக்கப்பட்டது. சோதனைகளில் பிழை இருந்தமையால் அவ்வாய்வுக்கட்டுரை 2013 இல் திரும்பப் பெறப்பட்டது. ராக்ஸ்எக்ஸ் என்னும் சிறுபுரதமே அம்மூலக்கூறு என 2015 இல் நிறுவப்பட்டது. இதன் டைரோசின் அமினோ அமிலத்தில் சல்பேட்டுத் தொகுதி இணைந்திருந்தால் மட்டுமே ஏற்பி தூண்டப்படும்.

வரம்பும் பயன்பாடும்

ராக்ஸ்எக்ஸ் புரதம் மாற்றமடைந்த பாக்டீரியா வகைகள் இவ்வேற்பியின் கண்காணிப்பிலிருந்து தப்பிவிடுகின்றன. ஒரே மரபணுவை நம்பும் நெல்வகை, அத்தகைய பாக்டீரியா பரவும் வயலில் பாதுகாப்பை இழக்கும். ஆகவே வெவ்வேறு வழிகளில் செயல்படும் மரபணுக்கள் ஒரே வகையில் இணைக்கப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, பாக்டீரியா தன் புரதங்களைக் கலத்தினுள் செலுத்தி, சர்க்கரை கடத்தும் நெல் மரபணு ஒன்றைத் தனக்காக இயக்கிக்கொள்ளும். எக்ஸ்ஏ13 வடிவில் அப்புரதம் பொருந்தும் இடம் மாறியிருப்பதால் அம்முயற்சி பலிப்பதில்லை. இத்தகைய பாக்டீரியப் புரதங்கள் துணைகொள்ளும் நெல் புரதம் ஒன்றின் திரிந்த வடிவத்தை எக்ஸ்ஏ5 உருவாக்குகின்றது.

ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் இம்மூன்று மரபணுக்களையும் சம்பா மசூரியில் இணைத்தன. அவ்வாறு உருவான மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008 இல் வெளியிடப்பட்டது. இது மரபணு மாற்றுப் பயிரன்று. வழக்கமான கலப்பினால் பெற்ற பயிர்களுள் இம்மரபணுக்கள் உள்ளவை டி.என்.ஏ. குறிப்பான்களின் துணையால் தேர்ந்தெடுக்கப்பட்டன.