கந்தல் பந்தும் கால்பந்துச் சட்டமும்

கால்பந்தாட்டத்தைப் போல் ஏழைக்கு இணக்கமான விளையாட்டு வேறு இல்லை. பழந்துணியைச் சுருட்டி வாழைநாரால் இறுகக் கட்டினால் பந்து. இரண்டு செங்கற்களை இடைவெளி விட்டு வைத்தால் கோல். தெருப்புழுதியில் அப்படி ஆடி வளர்ந்தவன்தான் நானும். ஆகவே, கந்தல் பந்து ஒன்று சரித்திரத்தில் இடம் பிடித்த கதையைப் படித்தபோது, ஏதோ உறவுக்காரர் செய்தியைக் கேட்டாற்போல் இருந்தது.

தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகருக்கு எதிரே, கடலுக்குள் ராபன் தீவு என்று ஒன்று இருக்கிறது. நிறவெறி அரசாங்கம் 1960களில் அரசியல் கைதிகளை அங்கே கொண்டுபோய் அடைத்தது. பகலெல்லாம் கற்சுரங்கத்தில் வேலை. விளையாட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. கைதிகள் காகிதத்தையும் கந்தலையும் சேர்த்துப் பந்தாகக் கட்டி, பூட்டிய கொட்டடிக்குள் காவலர் கண்ணில் படாமல் ஆடினார்கள்.

அதோடு மனநிறைவு கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. வெளியில் ஆட அனுமதி வேண்டுமென்று 1964இல் கேட்கத் தொடங்கினார்கள். மறுத்தார்கள், மறுபடியும் கேட்டார்கள். மூன்று வருஷம் விடாமல் கேட்டார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தாரிடமும் முறையிட்டார்கள். 1967 டிசம்பரில்தான் அனுமதி கிடைத்தது, அதுவும் சனிக்கிழமைகளில். கல்லும் மேடுமாகக் கிடந்த நிலத்தைக் கைதிகளே சமன் செய்தார்கள். கரையில் ஒதுங்கிய மீன்வலை கோல் வலையாயிற்று. தனிப்பகுதியில் அடைபட்டிருந்த நெல்சன் மண்டேலா போன்றவர்களுக்கு ஆட அனுமதி இல்லை.

பிறகு அவர்கள் செய்ததுதான் என்னை வியக்க வைக்கிறது. மக்கானா கால்பந்துச் சங்கம் என்று ஒன்றை நிறுவினார்கள். 1819இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு, அதே தீவில் சிறைப்பட்டு, தப்பிச் செல்லும்போது கடலில் மாண்ட கோசா இன வீரரின் பெயர் அது. உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவின் விதிகளை அப்படியே கைக்கொண்டார்கள். அணிகளைத் தரவாரியாகப் பிரித்தார்கள். நடுவர்கள், ஒழுங்குக் குழு, மேல்முறையீடு என்று சகலமும் உண்டு. கூட்டக் குறிப்புகளைக்கூட முறையாக எழுதி வைத்தார்கள்.

பொழுதுபோக்குக்கு இவ்வளவு சம்பிரதாயம் எதற்கு என்று கேட்கலாம். தோலின் நிறத்தைப் பார்த்துச் சட்டம் செய்த நாடு அது. அந்த நாட்டின் சிறைக்குள் எல்லோருக்கும் பொதுவான ஒரு சட்டத்தை அவர்கள் நடத்திக் காட்டினார்கள். தவறு செய்தவன் தலைவனானாலும் நடுவரின் ஊதல் ஊதல்தான். சுதந்திரம் வந்த பின் எப்படி வாழவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல ஒத்திகை ஏது?

ஒத்திகை வீண்போகவில்லை. பதினைந்து வயதில் கைதாகி, பத்தாண்டுகள் அத்தீவில் கழித்த டிக்காங் மொசெனெகே அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்தவர். 2005இல் அவர் தென்னாப்பிரிக்காவின் துணைத் தலைமை நீதிபதியானார். 2007இல் மக்கானா சங்கத்தை ஃபிஃபா தன் கௌரவ உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

தெருவில் கந்தல் பந்தை உதைக்கும் பையன்கள், “அது கோல்தான்!”, “இல்லவே இல்லை!” என்று தொண்டை கிழியச் சண்டையிடுவதை இப்போதெல்லாம் நான் நின்று கேட்கிறேன். நியாயத்துக்காக வாதாட மனிதன் பழகும் முதல் நீதிமன்றம் அதுதானோ என்று தோன்றுகிறது.