ஓரிரவு இருக்கையும் ஒரு சார்ஜரும்

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கைக்குப் பெயர் வந்த கதை தெரியுமோ? பல்லவ மன்னன் கணிகண்ணனை நாடு கடத்த, குருவான திருமழிசை ஆழ்வாரும் கூடவே கிளம்பிவிட்டார். அவர் சொன்னதும் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடையைக் கட்டினாராம்! மூவரும் தங்கிய 'ஓரிரவு இருக்கை'தான் ஓரிக்கை. மன்னன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்க, எல்லோரும் திரும்பினார்கள். போய் வந்ததற்கு அடையாளமாகப் பெருமாள் இன்றும் தலையை மாற்றி வைத்துத்தான் படுத்திருக்கிறார்.

போய்த் திரும்புவது என்றதும் எனக்கு 'ஃப்ளைபேக்' ஞாபகம் வரும். (சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது!)

பழைய டி.வி. பெட்டியில் எலெக்ட்ரான் கற்றை ஒரு கோடு வரைந்துவிட்டு, சட்டென்று ஆரம்பித்த இடத்துக்கே பறந்து திரும்பும். நம்மூர் டி.வி.யில் நொடிக்கு 15,625 தடவை. அப்படித் திரும்பும் கணத்தில் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் சரிந்து ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறும். 'சார், இ.எச்.டி. போயிடுச்சு' என்று மெக்கானிக் உதட்டைப் பிதுக்குவாரே, அந்த சமாசாரம்தான்.

இதே தந்திரத்தில் வோல்ட்டேஜைக் குறைக்கவும் முடியும். அமெரிக்காவில் ராபர்ட் போஷர்ட் 1970-இல் தன் சமையலறை மேஜையில் சின்ன பவர் சப்ளை செய்யத் தொடங்கினார். 1977-இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு ராட் ஹோல்ட் அமைத்தது ஃப்ளைபேக் ரகம். ஃபேன் சத்தம் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு ஆகாது! இந்தப் புரட்சியே தங்களால்தான் என்று பின்னாளில் ஜாப்ஸ் சொன்னது மட்டும் கொஞ்சம் ஓவர்.

நம் வீட்டு 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கினால் சுமார் 325. ஸ்விட்ச் மூடும்போது அந்தச் சக்தி காந்தமாகச் சேரும். திறக்கும்போது மறுபக்கம் கொட்டும். குடத்தில் மொண்டு அண்டாவில் ஊற்றுகிற மாதிரி. அதனால் இரண்டாவது சுருளை எதிர்முனையாக இணைக்க வேண்டும், பெருமாள் மாற்றிப் படுத்த மாதிரி. சக்தி பெரும்பாலும் தங்குவது ஃபெரைட்டில் இல்லை. அதன் நடுவே வேண்டுமென்றே விடும் மயிரிழை இடைவெளியில். அது போதாவிட்டால் ஃபெரைட் திணறும், ஸ்விட்ச் புகையும். சுருள்களுக்கு நடுவே இன்சுலேஷனில் கஞ்சத்தனம் பண்ணினால்? போனைப் பிடித்திருக்கும் கைக்கே ஆபத்து!

கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுப்பது பிற்பாடு சுலபமாகிவிட்டது. ஸ்விட்ச்சையும் மூளையையும் ஒரே சில்லில் அடைத்து 1994-இல் 'டாப்ஸ்விட்ச்' வந்தது. அடிக்கடி மொள்ளும் கன்ட்ரோலருக்குச் சின்னக் குடமே, அதாவது சின்ன டிரான்ஸ்ஃபார்மரே போதும். செங்கல் மாதிரி கனத்த சார்ஜர்கள் சட்டைப் பைக்குள் போயின.

அந்தச் சார்ஜர்கள் நம் ஸ்ரீபெரும்புதூருக்கும் வந்தன. 2006-இல் அங்கே நோக்கியா போன் தொழிற்சாலை தொடங்க, அதே ஃபின்லாந்தின் சால்காம்ப் கம்பெனி சார்ஜர் செய்ய அதே வளாகத்துக்கு வந்தது. சுற்றுவட்டாரப் பெண்கள் சீருடையோடு கம்பெனி பஸ் ஏறினார்கள். வரித் தகராறில் சொத்து முடங்கியதால், 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியபோது இந்தத் தொழிற்சாலையை மட்டும் விட்டுவிட்டது. நவம்பர் 1-ஆம் தேதி கேட்டை மூடினார்கள்.

போனவர் போக, சார்ஜர்காரர் நின்றார்! பூட்டிக் கிடந்த அந்தத் தொழிற்சாலையைச் சால்காம்ப் எடுத்துக்கொள்வதாக 2019-இல் அறிவிப்பு வந்தது. கட்டடம் திரும்பிவிட்டது, சரி. ஆனால் 2014-இல் வீட்டுக்குப் போன பெண்களுக்கு அதற்குள் ஐந்து வயது கூடியிருந்தது. கம்பெனிகள் ஆளெடுக்க வந்தால் முதலில் கேட்பது, 'வயசு என்னம்மா?'