கதிரவனின் கரும்புள்ளிகளும் காந்த ஊசியின் நடுக்கமும்

கதிரவன் ஒளியும் வெப்பமும் தருவதை ஆதிமனிதனும் அறிந்திருந்தான். ஆனால், பூமியின் காந்த ஊசியையும் அது நடுங்கச் செய்யும் என்னும் உண்மை கடந்த இரு நூற்றாண்டுகளில்தான் புலப்பட்டது. அவ்வுண்மையைத் தனியொரு மேதை கண்டறியவில்லை. நாள்தோறும் சலியாமல் குறிப்பெழுதி வைத்த பலருடைய பொறுமையே அதனைக் கண்டறிந்தது.

ஜெர்மனியின் தெசாவ் நகரில் வாழ்ந்த மருந்தாளர் ஷ்வாபே, புதனுக்கும் அப்பால் கதிரவனை ஒட்டிச் சுழலும் கோள் ஒன்று இருக்கலாம் என எண்ணி, 1826ஆம் ஆண்டு முதல் கதிரவனின் கரும்புள்ளிகளை எண்ணி வந்தார். தேடிய கோள் கிட்டவில்லை. எனினும், ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புள்ளிகள் பெருகிக் குறைவதை அவர் கண்டார். அதன் சராசரி பதினோர் ஆண்டுகள் என்பது பின்னர் தெளிவாயிற்று.

அக்காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள் பலவற்றில் காந்த ஆய்வுக்கூடங்கள் இயங்கின. சிங்கப்பூரிலும் 1841 முதல் 1845 வரை சென்னைப் பொறியியல் படையைச் சேர்ந்த எலியட் அத்தகைய கூடமொன்றை நடத்தினார். டொரன்டோ முதலிய இடங்களின் பதிவுகளை ஆராய்ந்த எட்வர்டு சபைன், காந்தக் குழப்பங்களும் கரும்புள்ளிகளுடன் சேர்ந்தே ஏறி இறங்குவதை 1852இல் எடுத்துரைத்தார்.

1859 செப்டம்பர் 1ஆம் நாள், இங்கிலாந்தில் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்த கேரிங்டன், அவற்றினிடையே கண்ணைப் பறிக்கும் வெண்ணொளி தோன்றுவதைக் கண்டார். ஐந்தே நிமிடங்களில் அது மறைந்தது. ஏறத்தாழப் பதினேழு மணி நேரத்திற்குப் பின் பூமியெங்கும் காந்தப் புயல் வீசியது. தந்திக் கம்பிகள் நிலைகுலைந்தன. அமெரிக்காவில் சிலர் மின்கலங்களை அகற்றிவிட்டு, கம்பியில் தானே எழுந்த மின்னோட்டத்தைக் கொண்டே செய்தி அனுப்பினர். பம்பாய், கொலாபா ஆய்வுக்கூடத்தில் அன்று குறிக்கப்பெற்ற அளவுகள் அப்புயலின் வன்மைக்கு இன்றும் முதன்மைச் சான்றாக விளங்குகின்றன.

ஆயினும் அறிஞருலகம் எளிதில் இசையவில்லை. இத்தொடர்பு தற்செயலானதே என 1892இல் கெல்வின் பிரபு மறுத்தார். காந்தப் புயல்கள் இருபத்தேழு நாள் இடைவெளியில் திரும்ப வருவதை மவுண்டர் 1904இல் எடுத்துக்காட்டினார். பூமியிலிருந்து நோக்குங்கால் கதிரவன் ஒருமுறை சுழல ஆகும் காலமும் அதுவே! கரும்புள்ளிகள் வலிய காந்தப்புலம் உடையவை என்பதை 1908இல் ஹேல் நிறுவினார். கதிரவன் வீசியெறியும் மின்னூட்டத் துகள் முகில் தன் காந்தப்புலத்தையும் சுமந்து வருகிறது. அப்புலம் பூமியின் புலத்திற்கு எதிர்த்திசையில் அமையுமானால் புயல் வலுக்கிறது என்பது இன்றைய விளக்கம்.

1989 மார்ச் 13இல் இத்தகைய புயலொன்று கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அறுபது இலட்சம் மக்களை ஒன்பது மணி நேரம் இருளில் ஆழ்த்தியது. 2024 மே மாதம் எழுந்த பெரும்புயலின்போது லடாக்கின் ஹன்லேயிலிருந்தும் செவ்வொளி காணப்பட்டது. இம்முறை முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தது. கியூபெக்கில் நேர்ந்தது போன்ற பேரிருள் எங்கும் சூழவில்லை.

கெல்வினின் புகழைவிட ஷ்வாபேயின் குறிப்பேடு நெடிது பயன் தந்தது. பயன் இன்னதென்று அறியாமலே உண்மையாய்க் குறித்து வைக்கும் பழக்கம் அறிவியலின் வேராகும். மாணவர் உள்ளத்தில் ஊன்றத் தக்கதும் அதுவே.