கேம்பர் டிரெய்லரில் விளக்கு வயரிங்: மறைக்கும் முன் கவனம்

சொந்தமாகச் செய்யும் கேம்பர் டிரெய்லருக்கு 12 வோல்ட் எல்இடி விளக்குகள் போதும். 3 வாட் விளக்குகள் 10 எரிந்தாலும் 2.5 ஆம்பியர்தான் இழுக்கும். ஆனால், மறைந்திருக்கும் வயர் உரசித் தேய்ந்து இரும்பில் பட்டால், பலகைக்குப் பின்னால் தீப்பிடிக்கலாம். ஆகவே, பேட்டரியின் நேர்முனை அருகிலேயே 5 ஆம்பியர் பியூஸ் பொருத்துங்கள்.

வண்டி ஓடும்போது அதிரும் என்பதால், 1 சதுர மில்லிமீட்டர் பல இழைச் செப்பு வயரே ஏற்றது. உட்பலகை அடிப்பதற்கு முன்பே அதை நெளிகுழாய்க்குள் செலுத்திச் சட்டத்தோடு கட்டுங்கள். இரும்பில் துளையிடும் இடங்களில் ரப்பர் வளையம் அவசியம். இணைப்புகளைச் சுவருக்குள் புதைக்காமல், விளக்குக்கும் சுவிட்சுக்கும் பின்னால், கழற்றிப் பார்க்கும்படி வையுங்கள்.

மூடுமுன் எல்லா விளக்குகளையும் எரியவிட்டுப் பாருங்கள். வயர் செல்லும் பாதையைப் படமெடுத்து வையுங்கள். பின்னாளில் அலமாரி மாட்டத் திருகாணி முடுக்கும்போது அது கைகொடுக்கும்.