அணிந்துரை

1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய இந்தியக் கால்பந்து வீரர் சைமன் சுந்தரராஜைப் பற்றிப் பேசும் நூலொன்றை முடித்த செம்மேட்டு நண்பர், முன்னுரை எழுத ஒரு சினிமா நடிகரைத் தேடுகிறார். முன்னுரை நூலாசிரியரே எழுதுவது. அவருக்கு வேண்டியது அணிந்துரை. நன்னூலில் பவணந்தியார் பாயிரத்துக்கு, அதாவது நூலின் தொடக்கவுரைக்கு, தரும் ஏழு பெயர்களில் முகவுரையும் உண்டு, அணிந்துரையும் உண்டு. பின்னாளில் அவை பிரிந்தன: முகவுரை அரசியலமைப்பின் தொடக்கத்துக்குப் போனது, அணிந்துரை பிறர் தரும் உரையாக நின்றது. 'அணி' என்றால் நகை, வரிசை, படைவகுப்பும்கூட. அந்த வழியில்தான் ஆட்டக்குழுவும் அணியானது. கால்பந்து நூலுக்கு அணிந்துரையைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதால் பாயிரம் சொல்லும் கடமையை ஆசிரியர், உடன்கற்றவர், மாணவர், உரைகாரர் ஆகியோருக்கே நன்னூல் தருகிறது. நண்பரின் மலையான கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியும், பாணர்கள் 'கோ' (அரசன்) என்றழைத்தபோது அது தன் பெயராகவும் இருந்ததால் நாணினான் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். புகழைப் பிறர் சொல்லட்டும். ஆனால் ஆட்டம் அறிந்தவர் சொல்லட்டும். நண்பருக்குப் பள்ளியில் பந்து உதைக்கக் கற்றுத்தந்த உடற்பயிற்சி ஆசிரியர் இருக்கிறார். அவரைக் கேளுங்கள் என்றேன்.