கொட்டியாரக் குடாவும் நாம் உடுத்த புடவையும்

ஆட்டுரோமமா, பருத்தியா, செயற்கை இழையா? எது அறத்துக்கும் சூழலுக்கும் உகந்தது என்ற விவாதம் மேற்குலகில் நீண்டகாலமாக நடக்கிறது. கம்பளி நெய்தறியாத கிண்ணியாவில் இருந்துகொண்டு நான் இதைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் எமது குடாவுக்கும் புடவைக்கும் உள்ள உறவு பழையது.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், புதிய மரம் நாட்டும்வரை வியாபாரமும் நடக்கட்டும் என்று துணி ஏற்றிக்கொண்டு கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அந்தத் துணி, கப்பலில் கூடவந்த பரங்கிப்பேட்டை வணிகர்களுடையது. சரக்கு கரையிறங்கியது. 1660இல் கப்டனும் அவர் மகன் றொபட் நொக்ஸும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்டனர். சுமார் 20 ஆண்டுகளின் பின் தப்பிய நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், சிறைவாசத்தைப் படிப்போர் பலர். துணிப் பொதிகளைக் கவனிப்போர் குறைவு. சோழமண்டலக் கரையின் புடவை எம் கரைக்கு வந்த பாதைக்கு அப்பொதிகளே சாட்சி. பழவேற்காட்டின் பெயரைச் சுமந்துவந்த 'பளையகாட்' சாரன் இன்னொரு சாட்சி.

துணியில் அறம் பார்ப்பதும் எமக்குப் புதியதன்று. ஆண்களுக்குப் பட்டு விலக்கப்பட்டதால், வெளிப்புறம் பட்டும் உடலில் படும் உட்புறம் பருத்தியுமாக 'மஷ்ரூ' என்ற துணி குஜராத்தில் நெய்யப்பட்டது. அனுமதிக்கப்பட்டது என்பதே அச்சொல்லின் பொருள். 'சூபி' என்ற சொல், ஆட்டுரோமத்தைக் குறிக்கும் 'சூஃப்' என்ற அறபுச் சொல்லிலிருந்து வந்ததென்பது அறிஞர் பலரின் கருத்து. அன்று முரட்டுக் கம்பளி எளிமையின் அடையாளம். இன்று மெரினோ கம்பளி சொகுசுப் பொருள். அதன் பின்னால், ஈப்புழு பற்றாதிருக்க ஆட்டுக்குட்டியின் பின்புறத் தோலை அறுத்தெடுக்கும் வழக்கம் இருக்கிறது. நியூசிலாந்து 2018இல் அதைத் தடை செய்தது. அவுஸ்திரேலியாவில் அது தொடர்கிறது. ஆடுகள் வெளிவிடும் மீதேன் வாயு வேறு. ஆனாலும் ரோமம் கடைசியில் மண்ணில் உக்கிப்போகும்.

வளைகுடா நாடுகளிலிருந்து எம்மவர் கொண்டுவந்த தடித்த போர்வைகளையும் நாம் கம்பளி என்றுதான் சொல்கிறோம். அவற்றில் பலவற்றில் ஆட்டின் மயிர் ஒன்றுகூட இல்லை. அக்ரிலிக், பொலியெஸ்டர் என்று பெயர்தான் வேறு, மூலம் பெற்றோலியம். அபாயாவிலும் தொழுகை விரிப்பிலும் இதே இழைதான் பெருமளவு. கழுவுந்தோறும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் கழன்று நீரோடு போகின்றன.

இம்மாற்றத்தின் இரண்டு முகங்களையும் முதலில் கண்டவர்கள் மீனவர்கள். பனிச்சங்காய்ச் சாறூட்டி, நாள்தோறும் காயவைத்துக் காப்பாற்ற வேண்டியது பருத்தி வலை. நைலோன் வந்ததும் உழைப்புக் குறைந்தது, மீன்பாடு கூடியது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அறுந்துபோன பருத்தி வலை கடலில் உக்கியது. நைலோன் வலையோ கிடந்த இடத்தில் மீனைக் கொன்றுகொண்டே இருக்கிறது. தங்கூசி வலை 2006இல் தடை செய்யப்பட்டது.

அதற்காகப் பருத்தியைக் குற்றமற்றதென்று சொல்லிவிடவும் முடியாது. சோவியத் பருத்தி வயல்களுக்காக 1960களிலிருந்து ஆறுகள் திருப்பப்பட்டதால் ஆரல் கடல் வற்றியது. எமது மருதமுனைத் தறிகளுக்கும் நூல் வெளியிலிருந்தே வருகிறது. சாயக் கழிவும் உண்டு. எனினும் அங்கே ஒரு சாரனுக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. 1977இன் திறந்த பொருளாதாரம் மலிவான இறக்குமதிப் புடவையைக் கொண்டுவந்தபோது தறிகள் பல ஓய்ந்தன. 2004 கடற்கோள் மிச்சமிருந்தவற்றையும் தாக்கியது.

ஆகவே எந்த நார் என்ற கேள்வி மட்டும் போதாது. எத்தனை உடுப்பு, எத்தனை காலம், யார் கையால் நெய்தது என்பவற்றையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். மலைநாட்டிலிருந்து வரும் மகாவலி கலப்பது கொட்டியாரக் குடாவில்தான். அது சுமந்து வருவதோடு நாம் கழுவிவிடுவதும் சேர்ந்து எமது மீனிடமே போகிறது. பெருநாளுக்கு எடுக்கும் நாலைந்து உடுப்புகளுக்குப் பதிலாக ஒரு கைத்தறிச் சாரன் எடுப்பது பெரிய தியாகமல்ல. தறிகாரரின் சொற்களையும் வேலைப்பாடுகளின் பெயர்களையும் முதியவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது எழுத்தாளராகிய எம் கடமை. தறி நின்றபின் அச்சொற்களைச் சொல்லித்தர ஆளிருக்காது.