மாரிக்கு முன் குளத்தைப் பார்ப்போம்: கொக்குவிலின் மழைநீரும் கிணற்று உப்பும்

கொக்குவில், கோண்டாவில், இணுவில். இந்தப் பெயர்களின் கடைசியில் நிற்கும் ‘வில்’ நீர்நிலையைக் குறிக்கும் என்பது ஊர்ப்பெயர் ஆய்வாளர் பலர் தரும் விளக்கம். இன்று கொக்குவிலில் குளம் என்றால் மாரியில் வீட்டுக்குள் வெள்ளம் வரும்போதுதான் பலருக்கு நினைவு வருகிறது. தை பிறந்து தண்ணீர் வற்றியதும் அதே குளம் குப்பை கொட்டும் பள்ளமாகிவிடுகிறது. ஆனால் கோடையில் நம் கிணற்றில் வரும் தண்ணீரின் சுவையைத் தீர்மானிப்பதில் அந்தப் பள்ளத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. ஆண்டுக்குச் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். நிலத்துக்குக் கீழே இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணக்கல். மழைநீர் அதற்குள் இறங்கி, கடலிலிருந்து உட்புகுந்த உப்புநீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீரைவிட உப்புநீர் கனமானது என்பதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீருமாக இருக்கும் நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கண்ட சான்று.

இந்த மிதப்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். மறுபக்கமும் அப்படித்தான்: நீர்மட்டம் ஓர் அடி குறைந்து அப்படியே நீடித்தால், காலப்போக்கில் உப்பு 40 அடி மேலேறும். துலா இறைத்த காலத்தில் மனித உடலின் களைப்பே நீர் எடுப்புக்கு ஓர் எல்லை வைத்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அந்த எல்லை போய்விட்டது. சுருட்டுக்குப் பேர்போன கொக்குவிலில் இதன் விளைவைப் புகையிலைத் தோட்டக்காரரிடம் கேட்கலாம். பாய்ச்சும் நீரில் குளோரைட் கூடினால் இலை ஒழுங்காக எரியாது.

குளத்தின் வேலை இங்கேதான் வருகிறது. ஓர் ஏக்கர் குளத்தில் மூன்றடி தண்ணீர் நின்றால் அது சுமார் 37 இலட்சம் லீற்றர். இவ்வளவும் வாறுகால் வழியே ஒரே நாளில் கடல்நீரேரிக்கு ஓடாமல், கிழமைக்கணக்கில் நின்று நிலத்துக்குள் இறங்க வேண்டும். அப்படி இறங்கும் நீர்தான் உப்பைக் கீழே அழுத்திப் பிடிக்கிறது. குடாநாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்களை முன்னோர் வெட்டி வைத்தது மாடு குளிப்பாட்ட மட்டுமல்ல.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு இதே உப்பு வேறு வழியால் வருகிறது. கனடாவில் பனிக்காலத்தில் வீதிகளில் ஆண்டுக்குச் சுமார் 50 இலட்சம் தொன் உப்புக் கொட்டுகிறார்கள். ரொறன்ரோ, ஸ்காபரோக் குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் இருக்கும் மழைநீர்க் குளங்களில் அது சேர்கிறது. கனத்த உப்புநீர் அடியில் படிந்து, கோடை வரை சிறிது சிறிதாக ஓடைகளுக்குள் கசிகிறது. நன்னீர் உயிரினங்கள் நீண்டகாலம் தாங்குவதற்கு லீற்றருக்கு 120 மில்லிகிராம் குளோரைட் என்பது அங்குள்ள வழிகாட்டி அளவு. அங்கே உப்பு மேலிருந்து வருகிறது, இங்கே கீழிருந்து. ஆனால் கரைந்த குளோரைட்டைச் செடியும் மண்ணும் சாதாரண வடிகட்டியும் பிடித்து வைக்காது என்பது இரண்டு இடத்துக்கும் பொது. கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்புப் போகாது. நீர் ஆவியாவதால் சற்றுக் கூடவும் செய்யும்.

போர் இந்தப் பராமரிப்பை எங்கே முறித்தது என்பது நமக்குத் தெரியும். கோடையில் ஊர் கூடித் தூர்வாரி, அந்த வண்டலைத் தோட்டத்துக்கு ஏற்றிச் சென்ற வழக்கம் ஆட்கள் ஊரில் இருந்தால்தான் நடக்கும். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமமே வெளியேறியது. அடுத்த ஆண்டு திரும்பியவர்களுக்குக் கூரையும் கதவும்தான் முதல் கவலை. எந்த வாய்க்கால் எந்தக் குளத்துக்குப் போனது என்று அறிந்த முதியவர்கள் பலர் பின்னர் இல்லை. 2009க்குப் பிறகு காபெற் வீதிகள் உயர்ந்தன, மதில்கள் எழுந்தன, பள்ளக் காணிகளில் வீடுகள் வந்தன. குளம் அதே இடத்தில் இருக்க, அதற்குத் தண்ணீர் வரும் வழி அடைபட்ட இடங்கள் பல. 2008 நிஷா சூறாவளியிலும் 2024 நவம்பர் வெள்ளத்திலும் தண்ணீர் தேடியது தன் பழைய பாதையைத்தான்.

செய்ய வேண்டியவற்றுக்குக் காலம் முக்கியம். தூர்வாருவது ஆனி, ஆடியில், குளம் காய்ந்திருக்கும்போது. அடியில் படிந்த நுண்களி நீர் இறங்குவதை அடைத்துவிடும், ஆகவே அதை அகற்ற வேண்டும். ஆனால் இயந்திரத்தை விட்டுப் பாறை வரை தோண்டுவது தவறு. மண் படை இல்லாவிட்டால் வீதி எண்ணெயும் அழுக்கும் வெடிப்பு வழியே நேராகப் பக்கத்துக் கிணற்றுக்குப் போய்விடும். ஆழமாகத் தோண்டினால் உப்புநீரையே எட்டவும் கூடும். ‘ஆழமானால் நல்லது’ என்ற எண்ணம் ஒப்பந்தக்காரருக்கு வசதியானது, குடாநாட்டு நிலத்துக்குப் பொருந்தாதது.

புரட்டாதிக்குள் வாய்க்காலும் மதகும் துப்புரவாக வேண்டும். தண்ணீர் நுழையும் வாயில் ஒரு சிறு மண்மறிப்புக் குழியும் கொஞ்சம் புல்லும் இருந்தால் வண்டலும் பொலித்தீனும் அங்கேயே நிற்கும். வீதி கழுவி வரும் முதல் மழையைக் குளத்துக்குள் விடாமல் கழிய விடுவது நல்லது. மேலதிக நீர் வெளியேறும் வழியை ஐப்பசிக்கு முன் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும்.

அழகுபடுத்துவது பற்றியும் ஒரு வார்த்தை. நடைபாதையும் விளக்கும் இருந்தால் மக்கள் குளத்தைக் காப்பார்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சுற்றிக் கட்டும் கொங்கிறீற் சுவரில் தண்ணீர் நுழைய வழி விடாமலும், அடியைச் சீமெந்தால் மூடியும் கட்டினால் அது வெறும் தொட்டி. டெங்குக்குப் பயந்து குளத்தை நிரப்புவதும் பலன் தராது. நுளம்பு பெருகுவது பெரும்பாலும் கரையில் எறிந்த யோக்கட் கோப்பையிலும் ரயரிலும்தான்.

தாளையடியில் 2024இல் திறக்கப்பட்ட கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். குழாய்நீர் தேவைதான். ஆனால் தோட்டத்துக்கும் தென்னைக்கும் அது வராது, அவற்றுக்குக் கிணறுதான்.

கிணற்று நீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கலாம். குளோரைட்டுக்கு இலங்கைத் தர அளவு லீற்றருக்கு 250 மில்லிகிராம். மாசியில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை எடுத்துக் குறித்து வைத்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் போக்குத் தெரியும். குளம் யார் பொறுப்பில் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம், சில பிரதேச சபையிடம், சில கோயில்களிடம் இருக்கின்றன. மண் நிரப்பும் லொறி வந்து நிற்கும் நாளில், எங்கே முறையிடுவது என்று தேட நேரம் இருக்காது.